அத்தானின் 15,000 இறாத்தல் ட்ரெயிலருக்குக் காற்று ஹிட்ச் தேவையா?

யார்ட்காரன், கொட்டாஞ்சேனை
ஞாயிறு இரவு 10.40

கேள்வி கனடாவைப் பற்றியது, கேட்பவன் கொழும்பில். அதற்கு ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

என் அத்தான் பிரம்ரனில் இருக்கிறார். முந்தின வருடம் ஓய்வு பெற்ற கையோடு, அக்கா எவ்வளவு சொல்லியும் கேளாமல், ஒரு ஃபிஃப்த் வீல் ட்ரெயிலர் வாங்கினார். 36 அடி நீளம். கட்டில், குசினி, குளியலறை, சாய்கதிரை எல்லாம் உள்ளேயே உண்டு. நான் குடியிருக்கும் அனெக்ஸை விட வசதி. காரின் பம்பரில் கொளுவி இழுக்கிற சாமான் இல்லை இது. பிக்கப்பின் பெட்டிக்குள்ளே, பின் அச்சுக்கு மேலே ஒரு தட்டைப் பூட்டி, ட்ரெயிலரின் மூக்கிலிருந்து தொங்கும் கிங் பின்னை அதற்குள் கொளுவ வேண்டும். துறைமுகத்துக்குப் போய்வரும் கண்டெய்னர் லொறியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே தத்துவம். பின்னின் விட்டம்கூட அதே 2 அங்குலம்தான்.

அங்கேதான் நான் மாட்டினேன். ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் 23 வருடமாக வண்டி மேற்பார்வை பார்க்கிறேன். அத்தானுக்கு அது போதும். "நீதானே இந்தத் துறை, சொல்லு" என்கிறார். எங்கள் வண்டிகளில் காற்று ஹிட்ச், அதாவது காற்றுப் பலூன் வைத்த கொளுவி, ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை.

பிரச்சினை இதுதான். சீமேந்துத் தட்டு பதித்த நெடுஞ்சாலையில் போகும்போது முதுகில் யாரோ தட்டுவது போல் தொடர்ந்து உதைக்கிறதாம். ஒரு வீடியோ அனுப்பினார். அக்கா முன்னால் ஒரு பிளாஸ்க் மூடியில் பிளேன்டீ வைத்திருக்கிறார். தட்டுகள் சேரும் ஒவ்வொரு மூட்டையும் கடக்கும்போதும் தேநீர் மூடியின் முன் விளிம்புக்கு ஏறுகிறது, பிறகு பின் விளிம்புக்கு. சிந்தவில்லை, ஆனால் அடங்கவும் இல்லை. அக்காவின் குரல் கேட்கிறது: "இதுக்கு நான் பஸ்ஸிலேயே வந்திருப்பன்."

விற்பனைக்காரர் ஒருவர் பிக்கப்பில் பூட்டும் காற்று ஹிட்ச் ஒன்றுக்கு 2,900 கனடா டொலர் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் அதை விட்டுவிட்டு, ட்ரெயிலரின் மூக்கில் இருக்கும் பெட்டியை மாற்றச் சொல்கிறார். எதை வாங்குவது?

வண்டி ஃபோர்ட் எஃப் 350, டீசல், பின்னால் ஒற்றை ரயர். ட்ரெயிலர் நிறைபாரத்தில் 15,000 இறாத்தல் வரை போகலாம் என்று தகட்டில் இருக்கிறதாம். இறாத்தல் என்றால் எனக்கு ஞாபகம் வருவது பாண்தான். பதினைந்தாயிரம் பாணை இழுத்துக்கொண்டு போகிறார் மனிதர். நம் கணக்கில் கிட்டத்தட்ட 6.8 தொன்.

வருகிற ஜூலையில் நான், மனைவி, மகன் மூவரும் போகிறோம். விசா கிடைத்துவிட்டது. கிங்ஸ்டன் பக்கம் ஆயிரம் தீவுகளுக்கு அதே வண்டியில் கூட்டிப்போவதாகத் திட்டம். ஆகவே எனக்கும் இதில் பங்கு உண்டு.


சும்மா ஒருவன்
ஞாயிறு இரவு 11.15

ஹேவ்லொக் வீதியில் மாலை ஐந்தரைக்கு அதைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஹிட்சைப் பற்றிக் கதைப்போம்.


வெள்ளவத்தைக் கரை
திங்கள் காலை 6.20

நான் அல்பேட்டாவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். அங்கே 12,000 இறாத்தலில் ஒரு ஃபிஃப்த் வீல் வைத்திருந்தேன். விற்றபோது அழுகை வந்தது, காசைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். ட்ரெயிலரின் முன்னால் இருப்பதற்கு 'பின் பொக்ஸ்' என்று பெயர். தமிழில் சொன்னால் பின்னால் இருக்கும் பெட்டி என்று நினைப்பார்கள். நான் மூக்குப் பெட்டி என்று எழுதுகிறேன்.

மெத்தை வைக்க இரண்டே இடம். ஒன்று, பிக்கப்பில் இருக்கும் ஹிட்ச். ட்ரெயிலர் சேவர் போன்றவை இந்த வகை. கொளுவும் தலை ஒரு கீலில் நிற்கும், அடியில் ரப்பர்ப் பலூன், பக்கத்தில் ஷொக் அப்சோர்பர். பாரம் ஏறியதும் தலை சொல்லப்பட்ட மட்டத்துக்கு வரும்வரை, ரயருக்கு அடிப்பது போலவே, வால்வு வழியாகக் காற்று அடிக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பார்க்க வேண்டும். குளிர்ந்த காலையில் அழுத்தம் இறங்கியிருக்கும். காற்றுக் குறைந்தால் தலை அடியில் போய் இடிக்கும், கூடினால் பலூன் கல் மாதிரி நிற்கும். இரண்டிலும் கொடுத்த காசு வீண்.

மற்றது, மூக்குப் பெட்டி. லிப்பர்ட்டின் ஃப்ளெக்ஸ் எயாரில் பலூன். மோர்ரைடில் காற்றே இல்லை, ரப்பர்த் துண்டுகள்தான். என்னிடம் இருந்தது ரப்பர். ஒன்பது வருடத்தில் அதற்கு நான் செய்த பராமரிப்பு, இரண்டு தரம் போல்ட் இறுக்கியது. சோம்பேறிக்கு அதுதான் சரி.

இரண்டையும் ஒன்றாகப் பூட்ட வேண்டாம். ஆடும் தலைமேல் ஆடும் மூக்கு, எது எதை அடக்கும்?

இன்னொன்று. எஃப் 350 குட்டைப் பெட்டியா, எட்டடிப் பெட்டியா? குட்டை என்றால் இறுக்கமாகத் திரும்பும்போது ட்ரெயிலரின் மூலை ஓட்டுநர் அறையின் பின் கண்ணாடியைத் தேடி வரும். அதற்குப் பின்னால் சறுக்கிப் போகும் வகை ஹிட்ச் வேண்டும். பெட்டியின் விளிம்புக்கும் ட்ரெயிலரின் அடிக்கும் ஆறு அங்குலமாவது இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மேடு ஏறித் திரும்பும்போதுதான் அதன் அருமை தெரியும்.


மொறட்டுவ எந்திரி
திங்கள் காலை 9.05

அண்ணா, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. தேநீர் முன்னும் பின்னும் போகிறது என்கிறீர்கள், மேலும் கீழும் அல்ல.

பலூன் முதலில் பிடிப்பது மேல் கீழ் அசைவை. முன்பின் உதைப்பையும் கொஞ்சம் குறைக்கும், பொய் சொல்லவில்லை. கிங் பின் ட்ரெயிலரின் அச்சை விட உயரத்தில் இருப்பதால், மூக்கு தலையாட்டும்போது பின் முன்னும் பின்னும் நகர்கிறது. தலையாட்டத்தை அடக்கினால் அதுவும் குறையும். ஆனால் கொளுவியிலேயே தளர்வு இருந்தால் எந்தப் பலூனும் அதை இறுக்காது.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் பழைய பெட்டிகள் பூட்டிய ரயில் கிளம்பும்போது நின்று கேட்டிருக்கிறீர்களா? எஞ்சின் நகர்ந்ததும் டக், டக், டக் என்று பெட்டிக்குப் பெட்டி ஓடும். கொளுவிகளின் தளர்வு ஒவ்வொன்றாக எடுபடும் சத்தம் அது. அத்தானின் வண்டியில் அந்த டக் ஒவ்வொரு சீமேந்து மூட்டுக்கும் வருகிறதா என்று கேளுங்கள்.

காசில்லாத சோதனை: அதே இடத்தில் வேகத்தை எட்டுப் பத்துக் கிலோமீற்றர் குறைத்து ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டென்று அடங்கினால், தட்டுகளின் இடைவெளியும் வண்டியின் ஆட்டமும் அந்த வேகத்தில் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். அடங்காமல் டக் மட்டும் மெதுவானால், தளர்வு.


கராஜ் மாமா, பஞ்சிகாவத்தை
திங்கள் பகல் 1.30

தம்பி, எனக்குப் பலூன் தெரியாது. கிங் பின் தெரியும்.

புதுப் பின்னின் கழுத்து 50.8 மில்லிமீற்றர். வேர்னியரால் அள. 49க்கு வந்துவிட்டால் கழற்றி எறி. அதற்கு மேலே, தட்டை ஒட்டிய பகுதி 73, அது 71 வந்தால் அதே கதை. ஓரிடத்தில் அளக்காதே, முன்பின்னாக ஒரு தரம், குறுக்காக ஒரு தரம். பின் எப்போதும் முன்பின்னாகத்தான் தேயும், முட்டை வடிவமாகும். பக்கத்தில் அளந்தவன் நல்லது என்று சொல்லி அனுப்புவான்.

பிறகு தளர்வு. ட்ரெயிலர் சில்லுகளுக்குக் கட்டை வை. ட்ரெயிலர் பிரேக்கை மட்டும் பிடி. ஒருவர் பிக்கப்பை ஒரு விரற்கடை முன்னே, ஒரு விரற்கடை பின்னே அசைக்கட்டும். மற்றவர் பக்கத்தில் நின்று பின்னைப் பார்க்கட்டும். இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கிறவன் மடையன். கிங் பின், அதைக் கவ்விப் பிடிக்கும் ஹிட்சின் தாடைக்குள் ஆடினால் கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். புதுக் கொளுவியில் ஒரு மயிரிழை இருக்கும். ஐந்தாறு மில்லிமீற்றர் என்றால் தாடை போய்விட்டது.

ஹிட்ச் புதுசா, பழசா? அதை நீ எழுதவில்லை.


யார்ட்காரன்
திங்கள் இரவு 9.50

மாமா, கேட்டது நல்லதாகப் போயிற்று. பழசு. பிக்கப்பைப் பாவித்த வண்டியாக வாங்கியபோது பெட்டிக்குள் பூட்டியே வந்ததாம். "சும்மா கிடைத்தது தம்பி" என்று அத்தான் பெருமையாகச் சொன்னார். குட்டைப் பெட்டி, சறுக்கும் வகை. சறுக்கும் தண்டவாளம் என்றால் தேயக்கூடிய இடம் இன்னும் ஒன்று.

சும்மா ஒருவனுக்கு: புளூமெண்டால் வீதி ஒழுங்கைகளில் நாற்பது அடியைப் பின்னுக்கு எடுக்கிற பையன்கள் எங்களிடம் இருக்கிறார்கள். ஹேவ்லொக் வீதி அவர்களுக்குக் கிரிக்கெட் மைதானம்.

இன்றைக்கு வேலையில் இருந்தபடியே இதைத்தான் யோசித்தேன். ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் அப்போது வேறோர் இடத்தில் வேலை, சேர்ந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். இரவு மழை. புதுச் சாரதி ட்ரெயிலருக்கு அடியில் பின்னுக்குப் போய்க் கொளுவினான். டொக் என்று சத்தம் கேட்டது, பூட்டிவிட்டது என்று நினைத்தான். ட்ரெயிலரைத் தாங்கி நிற்கும் முன் கால்களைச் சுழற்றித் தூக்கினான். நான் டோர்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும், மழைக்குச் சோம்பல் பட்டுப் பார்க்கவில்லை. அவன் கிளம்பினான். லொறி போனது. ட்ரெயிலர் அப்படியே நின்று ஒரு கணம் யோசித்தது போல இருந்தது, பிறகு மூக்குக் குப்புற விழுந்தது. கிங் பின் தாடைக்குள் போகாமல் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே தேயிலைப் பெட்டிகள், நல்லவேளை ஆள் சேதம் இல்லை. காற்றுக் குழாய்கள் அறுந்து சீறிய சத்தம் இன்றைக்கும் காதில் நிற்கிறது.

அன்றிலிருந்து யார்டில் இரண்டு பழக்கம். கொளுவியதும் குனிந்து தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது. பிறகு, கால்களைத் தூக்க முன்பே, ட்ரெயிலர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே ஓர் இழுப்பு. அத்தானிடம் கேட்டேன், செய்கிறீர்களா என்று. "டொக் என்று கேட்டால் பூட்டியதுதானே" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. பிக்கப்பில் அது நடந்தால் ட்ரெயிலரின் மூக்கு பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்மேல்தான் வந்து இறங்கும்.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன்: நிறுத்துப் பாருங்கள் என்று. 2016 ஜூலை 1 முதல் நிறை உறுதி செய்யாத ஏற்றுமதிக் கண்டெய்னரைக் கப்பலில் ஏற்ற முடியாது. அதற்கு முன்பு கடதாசியில் எழுதிய எடைக்கும் உள்ளே இருந்த எடைக்கும் சம்பந்தமே இல்லாத பெட்டிகள் எத்தனை பார்த்திருப்பேன்! விற்பனைக் கையேட்டில் கிங் பின் பாரம் 2,550 இறாத்தல் என்று இருக்கிறதாம். அது வெறும் வீட்டின் கணக்கு. அக்கா ஏறாத வீடு.


தெஹிவளை ரீச்சர்
செவ்வாய் காலை 7.10

ஹிட்ச் எனக்கு விளங்காது. ஆனால் என் மகன் ஸ்காபரோவில் ட்ரெயிலர் வாங்கக் கேட்டு அலைந்தபோது ஒன்று காதில் விழுந்தது. ஒன்ராறியோவில் சாதாரண ஜி அனுமதிப்பத்திரத்தில் 4,600 கிலோ வரைக்கும்தான் இழுக்கலாம். அதற்கு மேல் ஏ வகுப்பு. காற்று பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு அதிலேயே கட்டுப்பாட்டுடன் ஒன்று கொடுக்கிறார்கள். உங்கள் அத்தானுடையது 6.8 தொன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் எது இருக்கிறது?


யார்ட்காரன்
செவ்வாய் இரவு 10.15

ரீச்சர், உங்கள் கேள்வியை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. எட்டு மணி நேரம் பதில் இல்லை.

பிறகு அக்காதான் எடுத்தார். ஜி தானாம். இரண்டு கோடையும் அதில்தான் ஓடியிருக்கிறார்கள். "இப்ப முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு கராஜுக்குள்ளே இருக்கிறார்" என்றார் அக்கா. கூடவே, "இதைக் கேட்ட ரீச்சருக்கு என்ரை நன்றியைச் சொல்லு" என்றும்.

ஏ வகுப்புக்குப் படிக்கப் புத்தகம் எடுத்துவிட்டார். சோதனை முடியும்வரை ஏ பத்திரம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர்தான் ஓட்டுவார்.


வெள்ளவத்தைக் கரை
புதன் காலை 6.05

வெட்கப்பட ஒன்றுமில்லை. விற்கும்போது யாரும் சொல்வதில்லை, வாங்குகிறவர் கேட்பதுமில்லை. அல்பேட்டாவில் சட்டம் வேறு, அதனால் எனக்கும் இது தோன்றவில்லை.

நிறுக்கும்போது இரண்டு தரம் நிறுக்கச் சொல்லுங்கள். பெரிய ட்ரக் தரிப்பிடங்களில் கேட் ஸ்கேல் என்று லொறி நிறுக்கும் தராசு இருக்கும். முதலில் ட்ரெயிலரைக் கொளுவி, ஆட்களும் சாமானும் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு, ட்ரெயிலர் அச்சு மூன்றும் தனித்தனியே. பிறகு ட்ரெயிலரைக் கழற்றி வைத்துவிட்டு அதே ஆட்களோடு பிக்கப் மட்டும். இரண்டு தரமும் பிக்கப்பின் அச்சுகளில் வந்த எடையின் வித்தியாசம்தான் கிங் பின் பாரம். நிறைபாரத்தில் ட்ரெயிலரின் 20 முதல் 25 வீதம் அங்கே நிற்பது வழக்கம்.

சாரதிக் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும் மொத்த எடை எல்லையையும் படம் எடுத்து அனுப்பட்டும். ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பலூன் போட்டால் பின்புறம் நிமிர்ந்து நிற்கும், அந்த எல்லை ஒரு இறாத்தலும் கூடாது. இதைச் சொன்னால் அங்கே பலர் சண்டைக்கு வருவார்கள்.


யார்ட்காரன்
அடுத்த ஞாயிறு இரவு 11.00

செய்தி வந்துவிட்டது. நண்பர் ஓட்ட, இரண்டு பேரைக் கூடுதலாக ஏற்றி, நாங்கள் வந்தால் இருக்கும் ஐந்து பேர் கணக்கில் நிறுத்திருக்கிறார்கள். நல்ல வேலை.

பிக்கப் மட்டும் 8,320 இறாத்தல். ட்ரெயிலரோடு பிக்கப்பின் இரண்டு அச்சும் சேர்த்து 11,800. அப்படியானால் கிங் பின்னில் 3,480. கையேட்டில் இருந்ததை விட 930 கூட. ட்ரெயிலர் அச்சுகளில் 11,260. ஆக ட்ரெயிலரின் முழு எடை 14,740, அதில் 23.6 வீதம் மூக்கில். வீதம் சரி. ஆனால் கதவில் ஒட்டிய எல்லை 11,500. முந்நூறு இறாத்தல் மேலே. முந்நூறு பாண்.

முன் அறையில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். எரிவாயுச் சிலிண்டர் இரண்டு, பற்றரி இரண்டு, அது அங்கேதான் இருக்கும், சரி. அத்தானின் இரும்புக் கருவிப் பெட்டி. இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டு. அதற்குப் பின்னால், பழைய சேலை சுற்றி, அக்காவின் இரும்பு உரலும் உலக்கையும். சம்பல் மெஷினில் அரைத்தால் வாய்க்கு விளங்காதாம். போதாததற்கு 60 கலன் தண்ணீர்த் தாங்கியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போகிறார்கள், அதுவே 500 இறாத்தல். அதுவும் அச்சுக்கு முன்னால்.

மாமா சொன்ன சோதனையும் செய்தார்கள். வீடியோ வந்தது. நண்பர் பிக்கப்பை மெல்ல அசைக்கிறார், அத்தான் பக்கத்தில் நின்று போனைப் பிடித்திருக்கிறார், கை நடுங்குகிறது. கறுப்புக் கிரீசுக்குள் பின் முன்னே போய் நிற்கிறது, டக். பின்னே போய் நிற்கிறது, டக். நடுவில் ஒரு பென்சிலின் தடிப்புக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் யார்டில் ஒரு சாரதி அப்படி வண்டியை வெளியே எடுத்தால் நான் கேட்டைத் திறக்க மாட்டேன். பின்னை வேர்னியரில் அளந்தது 50.4, அது பரவாயில்லை. தேய்ந்தது ஹிட்சின் தாடை. சும்மா கிடைத்த ஹிட்ச்.

இன்னும் ஒன்று நண்பர் கண்டுபிடித்தார். பிக்கப்பில் ட்ரெயிலர் பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கிற அளவி இருக்கிறதே, அது அடியில் கிடந்திருக்கிறது. அத்தான் பிரேக் அடிக்கும் ஒவ்வொரு தரமும் பதினைந்தாயிரம் பாண் முதுகில் வந்து மோதியிருக்கிறது. ஆளில்லாத தரிப்பிடத்தில் நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் போய், கையால் ட்ரெயிலர் பிரேக்கை மட்டும் பிடித்து, சில்லு பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்னால் நிற்கும் அளவுக்குக் கூட்டினாராம். திரும்பி வரும்போது உதைப்பு பாதி.

இப்போது கேள்வி மாறிவிட்டது. ஹிட்சை எப்படியும் மாற்ற வேண்டும். எதற்கு மாற்றுவது?


வெள்ளவத்தைக் கரை
திங்கள் காலை 6.30

இப்போது சொல்வது எளிது. 2,900 டொலர் காற்று ஹிட்ச் வேண்டாம். அது கெட்ட சாமான் என்பதால் இல்லை. காற்று ஹிட்ச் சாதாரண ஹிட்சை விடப் பாரம், அவரிடம் ஒதுக்க ஒரு இறாத்தலும் இல்லை. எட்டடிப் பெட்டியும் பின்னால் இரட்டை ரயரும் இருந்திருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன்.

தாடை பின்னை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் வகை ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். பி அண்ட் டபிள்யூ கம்பேனியன் அப்படிப்பட்டது, சறுக்கும் வகையும் உண்டு. எடையைக் குறைக்க வேண்டுமென்றால் ஆண்டர்சன் அலுமினியம், 40 இறாத்தலுக்கும் குறைவு. ஆனால் அது தாடையில்லை, பந்தில் கொளுவுவது. கிங் பின்னில் ஒரு துண்டைப் பூட்டவேண்டி வரும். ட்ரெயிலர் சட்டகத்தின் உத்தரவாதம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் கை வைக்க வேண்டாம். மூக்குப் பெட்டி மாற்றுவதற்கும் அதே நிபந்தனை.

தாடை இறுகிய பிறகும் மேல் கீழ் ஆட்டம் மிஞ்சினால் அப்போது ரப்பர் மூக்குப் பெட்டி. ஒரே நாளில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.


கராஜ் மாமா, பஞ்சிகாவத்தை
திங்கள் பகல் 12.45

புதுத் தாடைக்கு நடுவில் பிளாஸ்டிக் வட்டம் போடுவார்கள், கிரீசுக்குப் பதிலாக. ஹிட்ச் செய்தவன் சொன்ன தடிப்புக்கு மேல் போடாதே. தடித்தால் பின் மேலே நிற்கும், தாடை பாதியில் பூட்டும். உன் மழைக் கதைதான் மறுபடியும்.

இழுத்துப் பார்க்கச் சொல்லு. ஒவ்வொரு தரமும்.


யார்ட்காரன்
மூன்று வாரம் கழித்து, சனி இரவு 9.20

அத்தான் சோதனையில் தேறிவிட்டார். முதல் தரம் பின்னுக்கு எடுக்கும்போது கோட்டை மிதித்துத் தவறவிட்டார், இரண்டாம் தரம் சரி. கம்பேனியன் வாங்கிப் பூட்டியாகிவிட்டது. மூக்குப் பெட்டியைத் தொடவில்லை. தண்ணீரை முகாமில் போய் நிரப்புகிறார்கள். கருவிப் பெட்டி வீட்டில் நின்றுவிட்டது, அரிசி ஒரு மூட்டையானது. மறுபடி நிறுத்ததில் பிக்கப்பில் 11,460. எல்லைக்கு நாற்பது இறாத்தல் கீழே.

நேற்று ஒரு வீடியோ. அதே பிளாஸ்க் மூடி, அதே சீமேந்துத் தட்டு. தேநீர் மெல்ல மேலும் கீழும் மூச்சு விடுகிறது, விளிம்புக்கு ஏறவில்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததே பெரிய விஷயம்.

இன்றைக்கு அக்கா எடுத்து, வரும்போது ஐந்து கிலோ மிளகாய்த்தூளும் மூன்று கிலோ நெத்தலிக் கருவாடும் கொண்டுவரச் சொன்னார். பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது: "கொண்டு வரட்டும். ஆனால் முன் அறையில் வைக்க விடமாட்டன், பின்னால் கட்டிலுக்குக் கீழே." உரல் எங்கே என்று கேட்டேன். அதைப் பற்றி இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.